ஆட்டம் முடிஞ்சப்புறமும் கேமரா ஓடணும்

நாட்டியக்காரங்களைப் பத்தின டாக்குமெண்டரியை ரெண்டு விதமா எடுக்கலாம். ஒண்ணு, ஆட்டத்தைப் பதிவு பண்றது. மேடை, லைட்டு, முழு வர்ணம் (பரதத்துல வர்ற நீளமான உருப்படி), கைதட்டல், அவ்வளவுதான். இன்னொண்ணு, ஆடுறவங்க வாழ்க்கையைப் பதிவு பண்றது. எந்த வீட்டுல பொறந்தாங்க, யாருகிட்ட அடிவாங்கிக் கத்துக்கிட்டாங்க, உலை வைக்க அரிசி எங்கேருந்து வந்துச்சு, முட்டி தேஞ்சப்புறம் என்ன பண்ணாங்க, இதெல்லாம்.

முதல் விதம் கலைக்குத் தேவை. நாளைக்கு ஒருத்தர் அதே வர்ணத்தைக் கத்துக்கணும்னா அந்தப் பதிவுதான் உதவும். ஆனா சாதாரண ஜனங்க உக்காந்து பாக்குறது ரெண்டாவது விதத்தைத்தான். அடவுக்கும் ஜதிக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கும், பாலேன்னா நுனிக்கால்ல நிக்கிறதுன்னு மட்டும் தெரிஞ்சவங்களுக்கும், ஒரு வாழ்க்கை புரியும்.

இந்த ரெண்டாவது விதப் படங்களுக்கு ஒரு பெரிய வியாதி இருக்கு. எல்லாமே லேட்டா வருது. ஆடுறவங்க பேர் வாங்கி, விருது வாங்கி, உடம்பு தளர்ந்தப்புறம்தான் கேமரா வீட்டுக்கதவைத் தட்டுது. அதுக்குள்ள குரு போயிருப்பார். கூட ஆடினவங்க போயிருப்பாங்க. ஆடின கொட்டகையே இடிஞ்சிருக்கும்.

வடசென்னைக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். எப்படின்னு வரிசையா பாக்கலாம்.

*

கேமராவுக்கு முன்னாடி கல்லுதான் இருந்துச்சு.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் (வடிவுடையம்மன் கோயில்னு சொன்னாத்தான் ஊர்ல எல்லாருக்கும் தெரியும்) சுவத்துல சோழர் காலத்துக் கல்வெட்டு நிறைய இருக்கு. அதுல 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒண்ணு. மூன்றாம் ராஜராஜன் ஆவணித் திருவிழாவுக்கு இந்தக் கோயிலுக்கு வந்திருக்கான். அங்க உறவாக்கின தலைக்கோலின்னு ஒரு பெண் அகமார்க்கம்ங்கிற கலைவகையை நிகழ்த்துறதை உக்காந்து பாத்திருக்கான். சந்தோஷப்பட்டு மணலியில நிலம் விட்டு, அதுக்கு அவ பேரையே வெக்கச் சொல்லியிருக்கான்.

மணலின்னா இன்னிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, டேங்கர் லாரி வரிசை. அந்த மண்ணுல ஒரு காலத்துல ஒரு ஆட்டக்காரி பேர்ல ஊர் இருந்துச்சு.

தலைக்கோலிங்கிறது தேர்ந்த ஆட்டக்காரிக்குக் கொடுக்குற பட்டம். கோயில்ல பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார்னு மூணு வகுப்பா பெண்கள் இருந்தாங்க. யார் எப்ப பாடணும், யார் எந்த மண்டபத்துல ஆடணும், யாருக்கு எந்த வேலைங்கிறதுல அவங்களுக்குள்ள தகராறு வந்து, 14-ம் நூற்றாண்டுல சம்புவராயர் ஆட்சியில விசாரிச்சுத் தீர்த்து வெச்சிருக்காங்க. அந்தத் தீர்ப்பையும் அதே கோயில்ல கல்லுல வெட்டியிருக்காங்க.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் கல்லுல ஆட்டம் எவ்வளவு அழகுங்கிற வர்ணனை இல்ல. பேர் இருக்கு. வேலை இருக்கு. முறை இருக்கு. நிலம் இருக்கு. சண்டை இருக்கு. ஒரு நாட்டியக்காரி வாழ்க்கையைப் பதிவு பண்றதுன்னா இதையெல்லாம்தான் பதிவு பண்ணணும்.

*

கேமரா வந்தப்புறம் பாலே உலகம் முந்திக்கிச்சு.

ரஷ்யாவுல பொறந்த அன்னா பாவ்லோவாதான் அந்தக் காலத்துல உலகம் முழுக்கப் பேர் தெரிஞ்ச பாலே கலைஞர். 1924-ல ஹாலிவுட் போனப்ப அவங்க ஆடின சில ஆட்டங்களைப் படம் பிடிச்சாங்க. 1931-ல அவங்க காலமானப்புறம், அவங்க கணவர் விக்தர் தாந்த்ரே கையில கிடைச்ச துண்டுப் படங்களையெல்லாம் சேர்த்து 1935-ல ஒரு படமா ஆக்கினார். பேரு 'தி இம்மார்ட்டல் ஸ்வான்'. பாலே கலைஞர் ஒருத்தரைப் பத்தி வந்த ஆரம்ப கால டாக்குமெண்டரிகள்ல இது ஒண்ணு. இதுவும் ஆள் போனப்புறம் வந்ததுதான்.

பாவ்லோவாவுக்கும் சென்னைக்கும் ஒரு நூல் ஓடுது. 1920-களோட கடைசியில ருக்மிணி தேவி அருண்டேல் பாவ்லோவாவைப் பாக்குறாங்க. ஆஸ்திரேலியா போற கப்பல்ல ரெண்டு பேரும் ஒண்ணா போறாங்க. பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட ருக்மிணி தேவி பாலே கத்துக்கிறாங்க. உங்க நாட்டு ஆட்டத்தையும் பாருங்கன்னு பாவ்லோவா சொன்ன யோசனை மனசுல தங்கிடுது. ஊர் திரும்பினவங்க சதிர் (பரதநாட்டியத்தோட பழைய பேர்) பாக்குறாங்க, கத்துக்கிறாங்க, 1936-ல கலாக்ஷேத்ரா வருது.

இன்னொரு பக்கம் உதய் சங்கர். 1923-ல லண்டன்ல பாவ்லோவா கூட ராதா-கிருஷ்ணர் ஆட்டம் ஆடினவர். அவர் எடுத்த 'கல்பனா' 1948-ல வந்துச்சு. எடுத்தது நம்ம மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவுல. ஒரு ஆட்டக்காரன் கலை மையம் ஒண்ணு கட்டணும்னு படுற பாட்டைச் சொல்ற கதை. கதைப்படம்தான், ஆனா அதுல பாதி அவரோட சொந்த வாழ்க்கை. பின்னாடி பெரிய நட்சத்திரம் ஆன பத்மினி அதுல சின்னப் பொண்ணா ஆடியிருப்பாங்க. படம் ஓடல. பல வருஷம் மங்கிக் கிடந்ததைச் சரிபண்ணி 2012-ல கான் திரைப்பட விழாவுல போட்டாங்க.

*

இப்ப முக்கியமான படத்துக்கு வரலாம். 'பாலா', 1976. இயக்கம் சத்யஜித் ராய். ஓடுற நேரம் 33 நிமிஷம்.

பாலான்னா தஞ்சாவூர் பாலசரஸ்வதி. பேர்ல தஞ்சாவூர் இருந்தாலும் மெட்ராஸ்காரங்க. 1918 மே 13-ல பொறந்தாங்க. பாட்டி வீணை தனம்மாள். தனம்மாள் வீடு ஜார்ஜ் டவுன்ல இருந்துச்சு. துறைமுகத்தை ஒட்டின தெருக்கள். ராயபுரத்துலேருந்து நடந்தே போயிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுல தனம்மாள் வாசிக்கிற வீணையைக் கேக்க பெரிய பெரிய வித்வான்களே தேடி வருவாங்க. சபா கிடையாது, மைக் கிடையாது. சின்ன வீடு, சின்ன சத்தம், மூச்சுவிடாம கேக்குற கூட்டம்.

பாலசரஸ்வதியோட அம்மா ஜெயம்மாள் பாடகி. மக ஆட, அம்மா பாடுவாங்க. தம்பி ரங்கநாதன் மிருதங்கம், இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல். ஒரு கச்சேரிக்கு வேண்டிய ஆளுங்க ஒரே வீட்டுக்குள்ள இருந்தாங்க.

குரு கந்தப்பப் பிள்ளை. தஞ்சை நால்வர் பரம்பரை. கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. தாளம் பிசகினா தட்டுக்கழி பேசும். ஏழு வயசுல, 1925-ல, காஞ்சிபுரம் கோயில்ல அரங்கேற்றம். அபிநயத்துக்கு மயிலாப்பூர் கௌரி அம்மாள்னு இன்னொரு பெரிய ஆள்.

அது லேசான காலம் இல்ல. தேவதாசி முறையை ஒழிக்கணும்னு முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கிட்டு இருந்தாங்க. பெண் குழந்தையைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுறதைத் தடுக்குற சட்டம் 1947-ல மெட்ராஸ் மாகாணத்துல வந்துச்சு. சின்னப் பிள்ளைங்க வாழ்க்கையைக் காப்பாத்த அந்தச் சட்டம் வேணும், அதுல சந்தேகமே கிடையாது. ஆனா அதே வேகத்துல, பரம்பரையா ஆடின குடும்பத்துப் பெண்களுக்கு மேடை மூடிக்கிச்சு. ஆட்டம் வேற வீட்டுப் பெண்கள் கைக்குப் போச்சு. சதிர் பரதநாட்டியம் ஆச்சு, கௌரவம் வந்துச்சு. அந்தக் கௌரவத்துல பங்கு கிடைச்ச பரம்பரைக் கலைஞர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அதுல பாலசரஸ்வதி ஒருத்தர்.

அதுவும் சும்மா கிடைக்கல. ஆட மேடை இல்லாம கஷ்டப்பட்ட வருஷங்கள் உண்டு. 1962-ல அமெரிக்கா, 1963-ல எடின்பரோ விழா, அப்படி வெளிநாடு போய் ஆடினப்புறம்தான் உலகம் நிமிர்ந்து பாத்துச்சு. 1973-ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்துச்சு. நாட்டியக்காரர் ஒருத்தருக்கு அந்த விருது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

ராய் இவங்களை முதல்ல பாத்தது 1935-ல, கல்கத்தாவுல. அப்ப அவருக்கு வயசு 14, பாலசரஸ்வதிக்கு 17. அந்த ஆட்டம் அவர் மனசை விட்டுப் போகவே இல்ல. 1966-ல படம் எடுக்கணும்னு நெனச்சார், அமையல. பத்து வருஷம் கழிச்சு, பம்பாய் நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரிச்சு, ஒரு வழியா எடுத்தார். அப்ப பாலசரஸ்வதிக்கு வயசு 58.

படத்துல முத்திரைகளுக்கு ஒரு அறிமுகம் வருது. பரம்பரையைப் பத்தி ராயே தன் குரல்ல சொல்றார். மக லட்சுமி வர்றாங்க. உதய் சங்கரும் கலை அறிஞர் நாராயண மேனனும் பேசுறாங்க. ஆனா படத்தைப் பாத்த யாருக்கும் மறக்காத இடம் கடற்கரைதான்.

'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' பாட்டுக்குக் கடலோரமா ஆடுறாங்க. காத்து சரியா அடிக்குது. முந்தானை பறக்குது. பின்னாடி அலை. நாட்டியத்தைப் பதிவு பண்றதுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாதுன்னு ஒரு நட்டுவனார் சொல்லுவார், சொன்னா நியாயம்தான். கை முத்திரை மேல இருக்க வேண்டிய கண்ணு துணி மேல போகுது. ஆனா ஒரு நிமிஷம் கழிச்சு அந்த அம்மா முகம் காத்தை மறக்கடிச்சிடுது. சின்னக் கண்ணனை 'வாடா கண்ணா'ன்னு கூப்பிடுற தாய். ஒரு தடவை கெஞ்சல், ஒரு தடவை செல்லக் கோவம், ஒரு தடவை 'அய்யோ, எவ்வளவு அழகு'ங்கிற பூரிப்பு. அதே ஒரு வரி, ஒவ்வொரு தடவையும் வேற வேற முகம். 58 வயசு உடம்புல குதிக்கிற வேகம் இல்ல. அது தேவையும் படல. கையும் புருவமும் கண்ணும் எல்லாத்தையும் பாத்துக்குது.

படக் கடைசியில ஒரு வர்ணம், மேடைக்குரிய அலங்காரத்தோட. கடற்கரையில பாத்த அம்மாவும் இவங்களும் ஒரே ஆளான்னு தோணும். இப்படி வீட்டு முகத்தையும் மேடை முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சதுதான் ராய் பண்ண பெரிய காரியம்.

சரி, இழப்பு என்ன?

கந்தப்பப் பிள்ளை 1940-களோட ஆரம்பத்துலேயே போயிட்டார். அவர் தட்டுக்கழி பிடிச்சுச் சொல்லிக்கொடுக்குற ஒரு நிமிஷக் காட்சிகூட இந்தப் படத்துக்குக் கிடைக்கல. கௌரி அம்மாள் 1971-ல போயிட்டாங்க, படம் அஞ்சு வருஷம் லேட்டாயிடுச்சு. 1930-கள்ல கல்கத்தாவையே அசத்தின அந்த வேகமான பாலசரஸ்வதி இந்தப் படத்துல இல்ல. (1962-ல அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகம் எடுத்த கறுப்பு-வெள்ளைப் பதிவு ஒண்ணு இருக்கு. அதுல அவங்களுக்கு வயசு நாப்பதுகளோட நடுவுல.) உலகத்துலேயே பெரிய இயக்குநர் ஒருத்தர், ஆசை ஆசையா காத்திருந்து எடுத்த படத்துக்கே இந்த நிலைமை.

1984 பிப்ரவரி 9-ல பாலசரஸ்வதி காலமானாங்க. எட்டு வருஷம் முன்னாடி எடுத்த அந்த 33 நிமிஷம் இல்லைன்னா என்ன மிஞ்சியிருக்கும்னு நெனச்சாலே பதறுது.

*

ராய்க்கு அப்புறம் இந்தியாவுல நாட்டியக்காரங்களைப் பத்தி நல்ல படங்கள் வரத்தான் செஞ்சுது.

1991-ல மட்டும் ரெண்டு. லீலா சாம்சனைப் பத்தி அருண் கோப்கர் எடுத்த 'சஞ்சாரி', ஒடிசி குரு கேளுசரண் மகாபாத்ராவைப் பத்தி குமார் சஹானி எடுத்த 'பாவாந்தரணா'. ரெண்டுமே ஆட்டத்தோட அழகை நிதானமா, ஓவியம் மாதிரி காட்டுற படங்கள். அலர்மேல் வள்ளியைப் பத்தி சங்கல்ப் மேஷ்ராம் எடுத்த 'லாஸ்ய காவ்யா'வும் இந்த வரிசைதான்.

சந்திரலேகாவைப் பத்தி ஐன் லால் 2003-ல எடுத்த 'சரீரா' கொஞ்சம் வேற மாதிரி. பரதநாட்டியம், களரி, யோகா மூணையும் ஒண்ணாக்கி, உடம்புன்னா என்னன்னு கேள்வி கேட்டவங்க சந்திரலேகா. 2006 டிசம்பர்ல அவங்க மறைஞ்சாங்க. மூணு வருஷம் முன்னாடியே கேமரா போய்ச் சேர்ந்தது பெரிய புண்ணியம்.

சபா தேவானோட படங்களைத் தனியா சொல்லணும். 'தி அதர் சாங்' (2009) காசியில இருந்த தவாயிஃப் பாடகிகள் உலகத்தைத் தேடிப் போகுது. ரசூலன் பாய் பாடின ஒரு பாட்டோட பழைய வரி ஒண்ணைத் தேட ஆரம்பிச்சு, ஒரு சமூகமே மரியாதைங்கிற பேர்ல எப்படி ஓரங்கட்டப்பட்டுச்சுன்னு சொல்லும். அதுக்கு முன்னாடி பம்பாய் டான்ஸ் பார் பெண்களைப் பத்தியும், பீகார் மேளாவுல ஆடுற பெண்களைப் பத்தியும் எடுத்திருக்காங்க. பரம்பரையா சதிர் ஆடின நம்ம இசை வேளாளர் குடும்பங்களுக்கு இப்படி ஒரு விரிவான படம் கண்டிப்பா வேணும்.

*

பாலே பக்கம் போனா படங்களுக்குப் பஞ்சமே இல்ல. எல்லாத்தையும் சொல்ல வேண்டியதில்ல. வடசென்னைக்காரங்க பாத்தா நெஞ்சுல தைக்கிற நாலு போதும்.

முதல்ல இயக்குநர் ஃப்ரெடரிக் வைஸ்மன். 1995-ல 'பாலே', 2009-ல 'லா டான்ஸ்'. ரெண்டும் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. குரல் விளக்கம் கிடையாது, பேட்டி கிடையாது, பேர்கூட எழுத்துல வராது. 'லா டான்ஸ்' பாரிஸ் ஓபராவுல நடக்குறது. ரிகர்சல் ஹாலைக் காட்டுவார். அடுத்தாப்ல துணி தைக்கிறவங்க, கேன்டீன், சுவருக்குப் பூச்சு பூசுற தொழிலாளி, மொட்டை மாடியில தேனீ வளர்க்குறவர், பென்ஷன் பத்தின மீட்டிங். அந்தக் குழுவுல ஆடுறவங்க 42 வயசுல ஓய்வு பெறணும், பென்ஷன் உண்டு. ஒரு பாலே கம்பெனிங்கிறது ஷிப்ட் போட்டு ஓடுற தொழிற்சாலைதான்னு இந்தப் படம் பாத்தா புரியும். எண்ணூர்ல அசோக் லேலண்ட் கேட்டு முன்னாடி ஷிப்ட் மாறுறதைப் பாத்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு ஒட்டிக்கும்.

ரெண்டாவது, 'ரெஸ்ட்லெஸ் க்ரீச்சர்' (2016). நியூயார்க் சிட்டி பாலேவுல 30 வருஷம் ஆடின வெண்டி வீலன் பத்தின படம். 46 வயசுல இடுப்பு மூட்டு கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே கேமரா போகுது. அப்புறம் ஊன்றுகோல், பிசியோதெரபி, 'திரும்ப ஆட முடியுமா'ங்கிற பயம். கடைசியில 2014-ல பிரிவு ஆட்டம். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போனவர், வெல்டிங் பண்ணிக் கண்ணு போனவர் எல்லாருக்கும் இந்த அம்மா சொந்தக்காரிதான். உடம்பை வெச்சுப் பொழைக்கிற யாருக்கும் ஒரு நாள் இந்தப் பயம் வரும்.

மூணாவது, 'டான்சர்' (2016). செர்கேய் போலூனின். உக்ரைன்ல கெர்சோன்ங்கிற துறைமுக ஊர்ல ஏழைக் குடும்பத்துப் பையன். அவன் படிப்புக்காக அப்பா போர்ச்சுக்கலுக்கு வேலைக்குப் போறார், பாட்டி கிரீஸுக்குப் போறாங்க. ஒரு வீடே சிதறுது. பையன் 13 வயசுல லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போறான், 19 வயசுல ராயல் பாலேயோட முதன்மை ஆட்டக்காரர் ஆகுறான். அந்த வயசுல அந்த இடத்துக்கு அதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. 2012-ல திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு வெளியே போயிடுறான். குடும்பத்தைச் சேர்த்து வைக்கத்தான் ஆடினான், அம்மா-அப்பாவே பிரிஞ்சிட்டாங்க, அப்புறம் யாருக்காக ஆடுறதுங்கிற கேள்வி படம் முழுக்க ஓடுது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பின வீடுகள்ல இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்ல.

(இந்தப் படத்துக்குப் பெரிய பலம், பையன் சின்ன வயசுல ஆடினதை வீட்டுலேயே எடுத்து வெச்சிருந்த வீடியோக்கள். மங்கலா, கேமரா ஆட்டத்தோட இருக்கும். ஆனா அதுதான் படத்தைத் தாங்குது.)

நாலாவது, 'ஃபர்ஸ்ட் பொசிஷன்' (2011). போட்டிக்குத் தயாராகுற ஆறு பிள்ளைங்க. அதுல மிக்கேலா டிபிரின்ஸ், சியரா லியோன் உள்நாட்டுப் போர்ல அப்பா அம்மாவை இழந்து அநாதை இல்லத்துல வளர்ந்த பொண்ணு. பத்திரிகை அட்டையில ஒரு பாலே ஆட்டக்காரி படம் பாத்து, 'இவளை மாதிரி ஆகணும்'னு கிழிச்சு வெச்சுக்கிட்டவ. அமெரிக்கக் குடும்பம் ஒண்ணு தத்தெடுத்துச்சு. பின்னாடி டச்சு நேஷனல் பாலே வரைக்கும் போனா. 2024-ல 29 வயசுலேயே இறந்துட்டா. அவளைப் பதினாலு வயசுச் சுமாருக்கே ஒரு கேமரா பின்தொடர்ந்ததால, அந்தப் பிடிவாதம், அந்தச் சிரிப்பு இன்னிக்கும் நமக்கு இருக்கு. சீக்கிரம் எடுக்குறதுக்கு இதைவிட நியாயம் வேணாம்.

*

இந்தியாவுக்குள்ளேயே பாலே கதை ஒண்ணு இருக்கு. மும்பை.

மனீஷ் சௌஹான், டாக்சி ஓட்டுறவர் மகன். சினிமா பாத்துத் தெருவுல குட்டிக்கரணம் அடிச்சு டான்ஸ் கத்துக்கிட்டவர். அமீருத்தீன் ஷா, வெல்டர் மகன். ரெண்டு பேரும் மும்பையில ஒரு டான்ஸ் பள்ளிக்குப் போனப்ப, இஸ்ரேல்லேருந்து வந்திருந்த யெஹூதா மாவோர்ங்கிற வயசான பாலே ஆசிரியர் கண்ணுல பட்டாங்க. அமீருத்தீன் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். மனீஷுக்கு அப்பவே இருபது தாண்டிடுச்சு. பாலேவுல அது ரொம்ப லேட்டு.

சூனி தாராபூர்வாலா இவங்களைப் பத்தி 2017-ல ஒரு குறும் டாக்குமெண்டரி எடுத்து, அப்புறம் 2020-ல 'யே பாலே'ன்னு கதைப்படமாவே எடுத்தாங்க. அதுல மனீஷ் தன் வேஷத்தைத் தானே நடிச்சார். 2023-ல 'கால் மீ டான்சர்'னு முழுநீள டாக்குமெண்டரி வந்துச்சு. இயக்கின ரெண்டு பேர்ல லெஸ்லி ஷாம்பெய்ன் தானே பாலே ஆடினவங்க. வருஷக்கணக்கா மனீஷ் கூடவே போய் எடுத்திருக்காங்க. காயம், வீட்டுப் பணக் கவலை, 'எப்பப்பா சம்பாதிக்கப் போறே'ங்கிற கேள்வி, குருவும் சிஷ்யனும் போட்டுக்கிற சண்டை, கடைசியில நியூயார்க்ல ஒரு குழுவுல இடம். முடிவு தெரியாமயே கேமரா கூட நடந்திருக்கு. அதனாலதான் படம் உயிரோட இருக்கு.

*

இனி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்.

இங்க ஆட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. சாவுக்கு ஆடுறாங்க, கல்யாணத்துக்கு ஆடுறாங்க, அம்மன் திருவிழாவுக்கு ஆடுறாங்க, மாதா கோயில் தேருக்கு முன்னாடி ஆடுறாங்க. கானா பாட்டுக்கு ஆடுற பசங்க உண்டு. சினிமாவுல ஹீரோவுக்குப் பின்னாடி வரிசையா ஆடி, பேர்கூட வராம ஓய்ஞ்ச குரூப் டான்சர்கள் உண்டு. மாநகராட்சி ஸ்கூல்ல படிச்சுக்கிட்டே பரதம் கத்துக்கிற பொண்ணுங்க உண்டு. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனா விடிய விடிய தெருக்கூத்து.

இந்தப் பகுதியே ஒரு மேடைதான்னு காட்டுன பாட்டு வீடியோவும் இருக்கு. 2017-ல வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. ரதீந்திரன் பிரசாத் இயக்கம். கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துல, அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டின நிலத்துல நின்னு கர்நாடக ராகத்துல மெட்ராஸ் பாஷை பாடுவார். சபாவுக்குள்ள கேட்ட சங்கீதம் அந்த மண்ணுல கேக்கும்போது வேற அர்த்தம் கொடுத்துச்சு. இப்ப வேண்டியது, வெளியேருந்து வந்து நிக்கிறவங்களை மட்டும் காட்டாம, இங்கேயே பொறந்து இங்கேயே ஆடுறவங்க பின்னாடி ரெண்டு மூணு வருஷம் கேமரா போகுறது.

எடுக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு, மேல பாத்த படங்கள் சொல்லிக்கொடுக்குற பாடம் சிலது.

குருவை முதல்ல எடுங்க. சிஷ்யப்பிள்ளைக்கு நேரம் இருக்கு, குருவுக்கு இல்ல. சொல்லிக்கொடுக்கும்போது எடுக்கணும், நாற்காலியில உக்கார வெச்சுப் பேட்டி எடுக்குறது அப்புறம். தட்டுக்கழி சத்தம், வாயால சொல்ற ஜதி, திட்டு, எல்லாம் பதிவாகணும்.

காசு பேசணும். ஒரு நிகழ்ச்சிக்கு என்ன கிடைக்குது, மேளக்காரருக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, வேலைக்குப் போகாத நாளுக்கு யார் பணம் கொடுக்குறது. திருவொற்றியூர்க் கல்லே நிலக் கணக்கை எழுதி வெச்சிருக்கு, படத்துல விடக்கூடாது.

உடம்பைக் காட்டணும். சிமெண்ட் தரையில அரைமண்டி போட்டுத் தேயுற முட்டி, தார் ரோட்டுல வெறுங்காலோட ஆடின பாதம், கொதிக்கிற வெந்நீர் ஒத்தடம். அழகான ஆட்டம் எந்த வலியில வருதுன்னு தெரிஞ்சாத்தான் மரியாதை வரும்.

வீட்டுக்காரங்களை எடுக்கணும். ஜெயம்மாள் இல்லாம பாலசரஸ்வதி கிடையாது. இங்க அந்த இடத்துல மீன் கூடை தூக்குற அம்மா இருப்பாங்க, கன்டெய்னர் லாரி ஓட்டுற அண்ணன் இருப்பார்.

ஷூட்டிங் நாளுக்குக் கூலி கொடுக்கணும். தினக்கூலிக்குப் போறவரை நாள் முழுக்க ஆடவெச்சு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புறது அநியாயம். எடுத்ததை முதல்ல அவங்க தெருவுலேயே திரை கட்டிப் போட்டுக் காட்டணும். இந்தக் காட்சி வேணாம்னு அவங்க சொன்னா எடுத்துடணும். ஆடுற பெண்கள்னாலே தப்பாப் பேசுற ஊர்ல இது ரொம்ப முக்கியம்.

பாட்டு உரிமை பெரிய தலைவலி. இங்க பாதி ஆட்டம் சினிமாப் பாட்டுக்குத்தான். பின்னணியில ஓடுற பாட்டுக்கு அனுமதி வாங்கலைன்னா படத்தை எங்கயும் போட முடியாது. பறை, மேளம், சொந்தமா கட்டின கானா, இதை நேரடியா பதிவு பண்ணிக்கிட்டா அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்துடும், சத்தமும் உண்மையா இருக்கும்.

படம் எடுக்கத் தெரியாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. போலூனின் வீட்டு வீடியோ மாதிரி, இன்னிக்கு ஒவ்வொரு போன்லயும் நூறு ஆட்டம் கிடக்கு. போன் தொலைஞ்சா எல்லாம் போச்சு. ஆடுறவங்க பேர், குரு பேர், தெரு, தேதி, என்ன விசேஷம்னு எழுதி, ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெக்கணும். அந்தப் பேரும் தேதியும் இருந்தாத்தான் நாளைக்கு யாராவது முழுப்படம் எடுக்க வரும்போது அது ஆதாரம் ஆகும்.

கேமரா இப்ப எல்லார் கையிலயும் இருக்கு. ராய்க்கு ஆன பத்து வருஷத் தாமதத்துக்கு அவருக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். நமக்கு அந்தக் காரணம் எதுவும் கிடையாது. ஊர்ல வயசான நட்டுவனாரோ, கூத்து வாத்தியாரோ, பழைய குரூப் டான்சரோ யாராவது இருந்தா, இந்த வாரமே போய் எடுக்கத் தொடங்கிடணும்.